பாராட்டாமல் உதவியவர்களுக்கு

என் முதல் சிறுகதைத் தொகுப்பு கைக்கு வந்துவிட்டது. நன்றியுரைக்குப் பதிப்பாளர் அரைப் பக்கம்தான் கொடுத்தார். அதில் அடங்காதவர்களுக்கு இந்த மடல்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. முகப்பில் கோலம் போடுவது, உள்முற்றத்தைச் சுற்றிய வளவைக் கூட்டுவது, அறைகளைத் திறந்து காற்றாட விடுவது எல்லாம் அம்மாவும் நானும்தான். செட்டிநாட்டுக் கதை என்றால் தேக்குத் தூணும் பர்மாவும் கோழி வறுவலும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கூட்டிப் பெருக்குகிறவள் அந்த வீட்டைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அதை முதலில் அசைத்தவர் காரைக்குடியில் இருக்கும் தமிழாசிரியர் ஐயா. என் கதை எதையும் அவர் 'நல்லா இருக்கு' என்று சொன்னதே இல்லை. வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, "இதை யாரும்மா பார்க்கிறா?" என்பார். முற்றத்தில் நிலவு காய்ந்தது என்று எழுதிக் கொண்டுபோனேன். அந்நேரம் அங்கே யார் இருந்தா, எதுக்கு இருந்தா என்று கேட்டார். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார், கரண்ட் இல்லை, அதனால் நிலா வெளிச்சம் என்றேன். "அப்ப அதை எழுது" என்றார். தொகுப்பின் முதல் கதை அதுதான்.

பங்குனியில் கம்பன் விழாவுக்குக் கூட்டிப்போனதும் அவரே. சா. கணேசன் 1939இல் தொடங்கிய விழா இன்னும் நடக்கிறது. ஒரே பாட்டுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லி மேடையில் மல்லுக்கட்டுகிறார்கள், கூட்டம் ரசிக்கிறது. கம்பனையே இத்தனை விதமாகப் படிக்கலாம் என்றால், ஒரு வீட்டை நான் என் பக்கத்திலிருந்து பார்க்கக் கூடாதா என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

அப்புறம் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் அண்ணன். பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்காரவிட்டார். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கண்ணாடி கழன்ற பிறகுதான் பளபளப்பான முகம் தெரியும். நான் எழுதியதை வாசித்துக் காட்டியதும், "எல்லாம் கல்லப் பத்தியே இருக்கு, கையைக் காணோமே தங்கச்சி" என்றார். முழுவதையும் திரும்ப எழுதினேன். ஆசிரியருக்கும் அவருக்கும் அறிமுகமே கிடையாது, கேட்டது என்னவோ ஒரே கேள்வி.

வீட்டுக்கார ஆச்சி முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகச் சென்னையிலிருந்து வந்தபோது பயந்துகொண்டேதான் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். பங்காளிச் சண்டை வரும் கதையும் அதில் இருந்தது. மறுநாள் காலை காபி குடித்தபடியே, "தகராறு பட்டாலையில நடக்கலடி, உக்கிராண அறையில நடந்துச்சு" என்றார். இடத்தை மட்டும்தான் திருத்தினார், வேறு ஒரு வரியையும் தொடவில்லை. அதற்குமேல் நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாசிக்கும்போது அவர் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போனால் அந்தப் பக்கம் சரியில்லை என்று அர்த்தம். பத்திரிகை ஆசிரியர்களைவிடக் கறாரானவர்.

எல்லோருக்கும் புத்தகத்தை நேரில் கொண்டுவந்து தருகிறேன். ஆத்தங்குடி அண்ணனுக்கு மட்டும் இரண்டு பிரதி. அவர் மகளும் கதை எழுதுகிறாளாம்.