ஓவிய பீரியடை எடுக்கும் முன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நீ தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற செய்தியை முதல் பக்கத்தில் படித்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. படபடப்பில் பதில் எழுத வேண்டாம் என்று ஆறப்போட்டேன்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் ஓவியத்துக்கும் இசைக்கும் இருக்கிற பாடவேளைகளைக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஓவிய ஆசிரியர் இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார், அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். "இயற்பியல்காரன் உனக்கு வாரம் இரண்டு பீரியட் கூடக் கிடைத்தால் கசக்குமா?" என்கிறாய். கசக்கும்டா. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் செய்முறை வகுப்பில் சோனாமீட்டர் வைத்திருந்தேன். உனக்கு நினைவிருக்கும்: நீளமான மரப்பெட்டி, மேலே கம்பி, ஒரு முனையில் தொங்கும் எடை, கம்பிக்கு அடியில் நகர்த்த இரண்டு கட்டைகள். இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை) தட்டிப் பெட்டிமேல் ஊன்றிக் கட்டையை நகர்த்திக்கொண்டே போனால், அதிர்வெண் பொருந்துகிற இடத்தில் கம்பிமேல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். பிள்ளைகள் எல்லோரும் காகிதத்தையே முறைத்துக்கொண்டு, அரை மணி நேரமாக ஒரு சென்டிமீட்டர் இப்படியும் ஒரு சென்டிமீட்டர் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கவையைக் காதருகே பிடித்துக் கேட்டாள், கம்பியை விரலால் மீட்டினாள், கட்டையை நகர்த்தினாள், மறுபடி மீட்டினாள். நான்காவது தடவை, "சார், இங்கேதான் சேருது" என்றாள். காகிதத்தை வைத்துக் கவையை ஊன்றினேன். பட்டென்று விழுந்தது. அந்தக் காது என் வகுப்பில் உருவானதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இசை ஆசிரியை மூன்று வருஷமாக உட்கார்ந்து சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தாரே, அங்கே உருவானது.

அன்று மீதி நேரத்தில் அவர்களுக்கு வின்சென்ஸோ கலிலேயைப் பற்றிச் சொன்னேன். கலிலியோவின் அப்பா. லூட் என்கிற தந்தி வாத்தியம் வாசித்தவர். எடையை இரண்டு மடங்காக்கினால் தந்தி ஒரு ஸ்தாயி மேலே போகும், அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் என்று பிதாகரஸ் பெயரால் நூற்றாண்டுகளாக எல்லோரும் எழுதி வந்தார்கள். இவர் எடையைக் கட்டித் தொங்கவிட்டுக் காதால் கேட்டார். நான்கு மடங்கு வேண்டும் என்று தெரிந்தது. நம் பாடப்புத்தகத்தில் இழுவிசையின் வர்க்கமூலம் என்று வரும் விதியின் ஆரம்பம் ஓர் இசைக்கலைஞரின் காதில் இருக்கிறது.

மகன் கதைதான் நான் உனக்குச் சொல்ல நினைத்தது. 1609 ஜூலை 26 அன்று, கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே, தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்துப் படம் வரைந்தார். சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய கணித அறிஞர்களில் ஒருவர். அவர் படத்தில் ஒளியும் இருளும் சந்திக்கிற கோடு கோணல்மாணலாக இருக்கிறது, அங்கங்கே கொஞ்சம் கறுப்புத் தீட்டல். அவ்வளவுதான். கோடு ஏன் அப்படி நெளிகிறது என்று அவர் எதுவும் சொல்லவில்லை. அதே ஆண்டுக் கடைசியில் கலிலியோ பார்த்தார். இருண்ட பகுதிக்குள் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள், நேரம் போகப் போக அவை பெரிதாவது, பள்ளங்களில் ஒரு பக்கம் நிழல், எதிர்ப்பக்கம் வெளிச்சம். அது மலை, அதன் உச்சியில் சூரிய உதயம் என்று புரிந்துகொண்டார். காரணம் அவர் ஓவியப் பயிற்சி உள்ளவர். ஒரு உருண்டைக்கும் குழிக்கும் நிழல் எப்படி விழும் என்று கை பழகிய ஆள். 1613-ல் ஃபிளாரன்ஸின் ஓவியக் கலைக்கழகமே அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. (கலிலியோவின் கருவி ஹாரியட்டுடையதைவிட அதிகம் பெரிதாக்கிக் காட்டியது உண்மைதான், அதை மறைத்து உன்னிடம் வாதாட எனக்கு இஷ்டமில்லை.) 1610-ல் கலிலியோவின் நூல் வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த படங்களில் பள்ளங்கள் தெளிவாக வந்துவிட்டன. எப்படிப் பார்ப்பது என்று அந்த நூலின் படங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதோடு கலிலியோ நிற்கவில்லை. மலை என்றால் எவ்வளவு உயரம்? நிலாவின் ஆரத்தை ஆயிரம் மைல் என்று வைத்துக்கொண்டார். ஓர் ஒளிப்புள்ளி எல்லைக்கோட்டிலிருந்து ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைல், இருட்டுக்குள் தள்ளி இருந்தது. செங்கோண முக்கோணம் போட்டார். 1000-ன் வர்க்கம், 100-ன் வர்க்கம், கூட்டினால் 10,10,000. வர்க்கமூலம் எடுத்தால் 1004-க்கு மேல். அது நிலாவின் மையத்திலிருந்து மலை உச்சிவரை உள்ள தூரம், அதில் ஆரம் 1000 போக மீதிதான் மலை. ஆக மலை நான்கு மைலுக்கு மேல் உயரம். நம் பத்தாம் வகுப்புப் பையன் கரும்பலகையில் போடக்கூடிய கணக்கு! ஆனால் அது மலைதான் என்று முதலில் கண்ணுக்குத் தெரிந்தால்தானே கணக்குப் போடத் தோன்றும்.

இருவரில் யார் முதலில் பார்த்தார்கள் என்று ஒரு மாணவன் கேட்டால், என் ஆய்வகத்தில் பதில் கிடையாது. ஹாரியட்டின் தாளில் இருக்கிற தேதியைப் பார்க்க வேண்டும், அது எந்த நாட்காட்டித் தேதி என்று தெரிய வேண்டும், தாளை நம்பலாமா என்று விசாரிக்க வேண்டும். அது வரலாற்றுத் துறையின் வேலை. கணிதத்தில் நிரூபணம் கேட்கிறோம், எங்களிடத்தில் அளந்து காட்டு என்கிறோம், வரலாற்றில் சாட்சி எங்கே என்கிறார்கள். இந்த மூன்று கேள்வியும் மூன்று விதமான நேர்மை. ஒரே பிள்ளை ஒரே நாளில், மணி அடித்து அடித்து, மூன்றுக்கும் பழகுகிறது. உயர்நிலைப் பள்ளி தவிர வேறெங்கே அது நடக்கும்? மேலே போகப் போக ஒரு துறைக்குள் அடைபட்டுவிடுவார்கள். மொழித் துறை பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பிள்ளைகள் கணக்கில் தப்பு விடுவதில் பாதி, கேள்வியில் உள்ள 'குறைந்தது', 'மிகாமல்' என்ற சொற்களைச் சரியாக வாசிக்காததால்தான்.

ஆனால் ஒன்று. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால், ஓவியமும் இசையும் இயற்பியலுக்கு எடுபிடி வேலை செய்வதால்தான் வேண்டும் என்று நான் வாதாடுகிற மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. அந்தப் பெண் என் சோதனையைச் செய்யாமலே போயிருந்தாலும் அவளுக்குப் பாட்டு வேண்டும். என் வகுப்பில் கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பையன் ஓவிய அறையில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மைதானத்திலும் அப்படிச் சிலர் உண்டு. பி.டி. பீரியடை நான் ஒரு காலத்தில் கேட்டு வாங்கிக் கணக்குப் போட வைத்திருக்கிறேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

இன்னொரு விஷயம் நிர்வாகம் பார்க்கிற உனக்கு முக்கியம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இசைத் துறையை "இரண்டு வருஷத்துக்கு மட்டும்" என்று மூடினார்கள். வாத்தியங்கள் படிக்கட்டுக்கு அடியில் போயின. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் அறுந்தது. திறக்கலாம் என்று நினைத்தபோது தோல் கிழிந்து, தந்தி துருப்பிடித்து, எந்த வாத்தியத்துக்கு எது பாகம் என்று தெரிந்தவர்கூட ஒருவரும் இல்லை. ஒரு துறை என்பது ஒரு சம்பளப் பட்டியல் வரி இல்லை. அலமாரி, பழக்கம், தலைமுறையாக வருகிற கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்தது அது. மூட ஒரு கையெழுத்து போதும்.

மதிப்பெண் நெருக்கடி உனக்கு இருப்பதை நான் சும்மா தள்ளவில்லை. கணிதத்துக்கு நேரம் போதவில்லை என்றால் ஒன்று செய்து பார்: சிதறிக் கிடக்கும் பீரியட்களை வாரம் ஒரு முறை அடுத்தடுத்து இரண்டாகப் போடு. எங்களிடம் அதனால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஓவியத்துக்கும் அப்படிச் சேர்த்தே கொடு, நாற்பது நிமிஷத்தில் வண்ணம் கலக்கவே நேரம் போய்விடும்.

அட்டவணையை முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் அந்த ஓவிய ஆசிரியர் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்கார். முழுப் பாடவேளையும் இரு. ஓய்வு பெறுவதற்குள் அலமாரிச் சாவியை வாங்கி வைக்காதே, அடுத்து வரப்போகிறவர் கையில் அவரே கொடுக்கட்டும். என்ன முடிவெடுத்தாய் என்று உடனே எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்