அப்பாவின் காலைக் காப்பாற்றிய கும்பகோணம், தஞ்சாவூர் உறவுகளுக்கு

வேன் ஓட்டிய தம்பிக்கு, மருந்துக்கடை அண்ணனுக்கு, தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்த டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

ஈரோட்டிலிருந்து வணக்கம். உங்கள் பெயர்களை எழுதவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

சித்திரை வெயிலில் நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வந்திருந்தோம். அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. திருவெண்காட்டில் பிராகாரக் கல் கொதித்தது அவருக்கு உறைக்கவே இல்லை. கொப்புளம் வந்ததும் உடைந்ததும்கூட அவருக்குத் தெரியாது. கும்பகோணத்தில் வண்டிக்குள் ஒரு வாடை அடிக்கவும், "ஐயா, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று முதலில் கேட்டது நீங்கள்தான் தம்பி. உங்கள் மாமனாருக்கு இப்படித்தான் கால் போனது என்றீர்கள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. சிவப்பு புறங்கால் வரை ஏறியிருந்தது.

மருந்துக்கடை அண்ணா, நாங்கள் கேட்டது புண்ணுக்குப் பவுடரும் ஒரு மாத்திரையும். விற்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருக்கலாம். நீங்கள் கல்லாவை விட்டு இறங்கி வந்து, செல்போன் வெளிச்சத்தில் பாதத்தைப் பார்த்தீர்கள். "வலிக்குதா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று அப்பா சொன்னதும் உங்கள் முகம் மாறிவிட்டது. "வலி இல்லாததுதாங்க பயமே" என்று சொல்லி நீங்களே 108க்குப் போன் போட்டீர்கள். வண்டி வரும்வரை சலைன் ஊற்றிக் கழுவி, காஸ் துணியால் இறுக்காமல் மூடினீர்கள். மஞ்சள் வைக்காதீங்க, வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீங்க, நடக்க விடாதீங்க என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். உணர்ச்சியில்லாத காலில் வெந்நீர் பட்டால் இன்னும் வெந்துபோகும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுத்து, டாப்ளரில் ரத்த ஓட்டம் பார்த்து, இரவோடு இரவாக அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த அவசரத்திலும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். ரத்தக்குழாய் அடைத்து விரல் காய்ந்து கறுப்பது ஒரு வகை, அது மெதுவாக வரும். கிருமி புகுந்து ஈரமாக அழுகுவது இன்னொரு வகை, அது மணிக்கணக்கில் மேலே ஏறும். அப்பாவுக்கு வந்தது இரண்டாவது. சுண்டுவிரலை எடுத்தார்கள், செத்த சதையை வழித்தெடுத்தார்கள். கால் தப்பியது. மறுநாள் வந்திருந்தால் இந்தக் கடிதத்தில் வேறு சேதி இருந்திருக்கும்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, ஒரத்தநாட்டு அக்கா, எங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார். வயலில் மண்வெட்டி பட்ட காலோடு அவர் கணவர் படுத்திருந்தார். சேற்றுமண்ணில் இருக்கும் கிருமியாலும் சதை அழுகும், தோலுக்கடியில் காற்றுகூடச் சேரும் என்று அங்கேதான் கேட்டேன். டிடி ஊசி ரணஜன்னிக்குத்தான், இதைத் தடுக்காது. ஆழமான வெட்டுக்குள் மண் போயிருந்தால் ஆஸ்பத்திரியில் நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். டெல்டாவில் நாற்று நடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சிஸ்டர், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே தினமும் ராத்திரி அம்மா கண்ணாடியைக் கீழே பிடித்து அப்பாவின் உள்ளங்காலைப் பார்க்கிறார். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறார். சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடச் சொல்கிறார். வெளியூர் போனால் பையில் சலைன், காஸ், மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கும். கோயிலுக்குள் அப்பா பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்கிறார், யாரும் தடுத்ததில்லை. வெயில் காலத்தில் பிராகாரத்தில் நார் விரிப்புப் போடும் கோயில்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. எல்லாக் கோயிலிலும் போட்டால் எவ்வளவோ கால்கள் பிழைக்கும்.

கீழப்பெரும்பள்ளமும் திருநள்ளாறும் பாக்கி இருக்கின்றன. தை மாதம் வருகிறோம். தம்பி, உங்கள் வேன்தான் வேண்டும் என்கிறார் அப்பா. தேதி முடிவானதும் கூப்பிடுகிறேன்.

நன்றியுடன்,
அவருடைய மகள்