செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2023 – மார்ச் 2024

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் மடிப்பாக்கம் குடியிருப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் மனு கொடுத்தோம். விளக்கு வந்துவிட்டது, வடிகால் நிலுவையில் இருக்கிறது. பொங்கல் விழா நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு புதிதாக எடுத்துக்கொண்ட ஒரு வேலையைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். அது வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான யூ.பி.எஸ். சோதனை. கரண்ட் போனதும் கம்ப்யூட்டரைச் சற்று நேரம் பேட்டரியில் ஓட வைக்கிற பெட்டிதான் யூ.பி.எஸ்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம் மூன்றாவது தெருவில் மரக்கிளை முறிந்து விழுந்து, எல்லா வீடுகளுக்கும் பொதுவாகக் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்தது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் போய்விட்டால் வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் நிலையாக நிற்காது. ஒரு வீட்டில் பாதியாகக் குறையும், பக்கத்து வீட்டில் 400 வரை ஏறும். அன்று ஒரு வீட்டில் ஃபேன் சுற்ற மாட்டாமல் முனகியது. எதிர்வீட்டில் பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து வெடித்தது. அந்த வரிசையில் இரண்டு வீடுகளில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை நேராகச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தார்கள். பவர் சப்ளை புகைந்து மதர்போர்டும் சேர்ந்து போனது. இன்னொன்று கல்லூரி இறுதியாண்டு படிக்கும் பெண்ணுடையது, யூ.பி.எஸ். வழியாக ஓடியது. வோல்டேஜ் எல்லை தாண்டியதும் யூ.பி.எஸ். லைனைத் துண்டித்து பேட்டரிக்கு மாறிவிட்டது. சற்று நேரத்தில் அதன் போர்டு கருகிவிட்டது. ஆனால் அதற்குள் அந்தப் பெண் ப்ராஜெக்டை சேவ் செய்து, கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் அப்பா அந்தப் போர்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பெரிய சட்டைப் பொத்தான் போல நீலமாக ஒரு உறுப்பு, நடுவில் பிளந்து, சுற்றிலும் புகைக் கரி. அதிகமாக வருகிற வோல்டேஜைத் தானே வாங்கிக்கொள்வதற்காக வைக்கிற வேரிஸ்டர் அது என்று நம் எலக்ட்ரீஷியன் தம்பி எடுத்துச் சொன்னார். அதைக் கையில் வாங்கிப் பார்க்காதவர் அன்று யாரும் இல்லை. எல்லா வீட்டு யூ.பி.எஸ்.ஸையும் ஒருமுறை பார்த்துவிடுவது என்று அன்றே முடிவெடுத்தோம்.

அதற்குள் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தில் நாம் பட்ட பாட்டைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். கீழ்வீடு ஒன்றில் தண்ணீர் ஏறியதும் மெயினை அணைத்துவிட்டு, தரையிலிருந்த கம்ப்யூட்டரைத் தூக்கப் போயிருக்கிறார்கள். யூ.பி.எஸ். கீழேயே கத்திக்கொண்டிருந்தது. மெயினை அணைத்தாலும், யூ.பி.எஸ். ஓடும்வரை அதன் பின்பக்க பிளக்கில் 230 வோல்ட் இருக்கும். நல்லவேளை, அம்மா ஒருவர் சத்தம் போட்டுத் தடுத்துவிட்டார். தயவுசெய்து யூ.பி.எஸ்.ஸைத் தரையில் வைக்காதீர்கள். மழை வலுக்கும்போதே அதன் பட்டனையும் அணைத்துவிடுங்கள்.

ஜனவரியில்தான் வீடு வீடாகப் போக முடிந்தது. ஒரு பலகையில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு பொருத்திக்கொண்டோம். சாதாரண டெஸ்க்டாப் இழுக்கிற அளவுக்கு அது கிட்டத்தட்ட சமம். பலகையை யூ.பி.எஸ்.ஸில் மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்து, கடிகாரத்தைப் பார்ப்போம். 600 வி.ஏ. திறனுள்ள சின்ன யூ.பி.எஸ்.ஸில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள பேட்டரி. நல்ல நிலையில் இருந்தால் பத்து நிமிடம் தாங்க வேண்டும். பல வீடுகளில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சில வீடுகளில் சுவிட்சை அணைத்த நொடியே பல்பும் அணைந்தது. பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் பேட்டரி உப்பிப்போய்ப் பெட்டியைவிட்டு வெளியே வரவே மறுத்தது. ஸ்க்ரூ எல்லாம் கழற்றி, தகரத்தை விரித்துத்தான் எடுத்தோம்.

புயலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. யூ.பி.எஸ்.ஸில் இருக்கிற லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரி முழுக்கக் காலியாகி, சார்ஜ் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து கெட்டுப்போகும். வெயிலும் ஒரு காரணம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இந்த பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். நம் ஊர் வெயிலில், அதுவும் அலமாரிக்குப் பின்னால் காற்றுப் படாமல் திணித்து வைத்தால், இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றத்தான் வேண்டும்.

எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி, “இன்வெர்ட்டர்தான் இருக்கே, யூ.பி.எஸ். எதுக்கு சார்?” என்பது. சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது; அதைப் போட்டால் வேகமாக மாறும். அப்போதும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் தனி யூ.பி.எஸ். அவசியம். அப்புறம், லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் மாட்ட வேண்டாம். அது சூடாகும்போது இழுக்கிற கரண்ட்டைச் சின்ன யூ.பி.எஸ். தாங்காது. வைஃபை ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். தனியாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வாங்கி வையுங்கள்.

யூ.பி.எஸ். இருக்கிறதே என்று கரண்ட் போன பிறகும் வேலையைத் தொடர்கிற பழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்தேன். அந்தப் பத்து நிமிடம் சேவ் செய்து அணைப்பதற்காகத்தான். பின்னால் யூ.எஸ்.பி. இணைப்பு உள்ள யூ.பி.எஸ். என்றால் அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிடுங்கள். பேட்டரி குறையும்போது நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் தானே அணையும்படி செட் செய்யலாம்.

கழற்றிய பழைய பேட்டரிகளைக் குப்பையில் போட விடவில்லை. உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத் தடுக்கின்றன. சேர்த்து வைத்து, புது பேட்டரி வாங்கிய கடையிலேயே எடைக்குக் கொடுத்தோம். கிடைத்த பணம் பொருளாளர் கணக்கில் இருக்கிறது.

நான்காவது, ஐந்தாவது தெருக்கள் இன்னும் பாக்கி. மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு வருகிறோம். அதற்கு முந்தைய இரவு யூ.பி.எஸ்.ஸை சார்ஜில் விட்டுவையுங்கள். பல்பு பலகை சங்க அறையில் இருக்கிறது. அவசரம் என்றால் நோட்டில் எழுதி எடுத்துப் போகலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்