காவல் நிலையத்தில் வழக்கறிஞர் சந்திப்பும் சிசிடிவி பதிவுப் பாதுகாப்பும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
காவல் விசாரணை வழக்குகளில் ஆஜராகும் பெண் வழக்கறிஞர்கள்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கைதானவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 22(1) பிரிவு. விசாரணையின்போதே சந்திக்கலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 38-ஆம் பிரிவு. விசாரணை முழுவதும் உடனிருக்க முடியாது, அவ்வளவுதான். இந்த உரிமை ஸ்டேஷன் வாசலில் பறிபோகிறது. "அப்படி யாரையும் கூட்டிட்டு வரலை" என்பார் பாரா காவலர். இருட்டிய பிறகு வருவது பெண் வழக்கறிஞர் என்றால், "காலைல வாங்க மேடம்" என்று பதில் வரும். அந்த ஓர் இரவில், கட்சிக்காரருக்காக ஆஜராக அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் வாய்ப்பு போய்விடுகிறது. வக்காலத்து இல்லாமல் மறுநாள் நடுவர் முன் ரிமாண்டை (காவலில் வைக்கும் உத்தரவை) எதிர்க்க நிற்பது கடினம். அடிபட்டவர் காயத்தை முதலில் சொல்ல வேண்டிய இடமும் அந்த நடுவர் முன்புதான். கூட்டி வந்த போலீசாரே பக்கத்தில் நிற்கையில் "கீழே விழுந்துட்டேன் ஐயா" என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கமாட்டார்.

விரும்பிய வழக்கறிஞரை மறுப்பதை ஈரானில் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். தேசப் பாதுகாப்பு வழக்குகளின் புலனாய்வுக் கட்டத்தில், நீதித்துறைத் தலைவர் ஒப்புதல் தந்த பட்டியலில் உள்ள வழக்கறிஞரை மட்டுமே அமர்த்தலாம். 2018-இல் தெஹ்ரானுக்கு வெளியான பட்டியலில் இருந்தவர்கள் 20 பேர். அதை எதிர்த்தவர்களில் ஒருவர் நஸ்ரின் சோதூதே; கட்டாய ஹிஜாபை மறுத்த பெண்களுக்காக வாதாடியவர். அதே ஆண்டு கைதானார். 2019-இல் அவருக்கு விதிக்கப்பட்டவை 38 ஆண்டு சிறை, 148 கசையடி. நம் ஊரில் பட்டியல் ஏதும் இல்லை. "ஆள் இங்க இல்லை" என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அந்தச் சொல் பொய்யென்று காட்ட வாசல் கேமராவே சாட்சி. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2.12.2020 அன்று உச்ச நீதிமன்றம், நுழைவாயில், லாக்கப், நடைக்கூடம், ஆய்வாளர் அறை, கட்டடத்தின் பின்புறம் எல்லாம் ஒலியோடும் இரவுப்பார்வையோடும் பதிவாக வேண்டும், 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு காக்கப்பட வேண்டும் என்றது. அத்தீர்ப்பின்படியான மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் தாங்கள் உறுப்பினர். தங்களிடம் வந்திருப்பது அதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். எட்டு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 86 ஜிபி. பதிவைச் சேமிக்கும் 1 டிபி வட்டு (ஹார்ட் டிஸ்க்) பன்னிரண்டாம் நாளே நிரம்பி, பழையதன் மேல் புதியது எழுதப்படும். தகவல் உரிமைச் சட்டப்படி பதிவைக் கேட்டால் பதில் வர 30 நாள் வரை ஆகலாம்; அதற்குள் பதிவு போய்விடும். 18 மாதத்துக்கு ஏறக்குறைய 47 டிபி தேவை. வட்டு பெரிதாக இருந்தாலும் போதாது: 2020-இல் காவல் மரண வழக்குக்குள்ளான சாத்தான்குளம் நிலையத்தில் 1 டிபி வட்டில் இடமிருந்தும் பதிவு அன்றன்றே அழியும்படி அமைத்திருந்ததை நீதித்துறை நடுவரின் அறிக்கை காட்டியது. விசாரணைக்குப் போனவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாக 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் புகார் எழுந்த மாவட்டம் நம்முடையது. ஒரு வட்டின் அளவு இங்கே உயிர்ச் சங்கதி.

ஆகவே, கண்காணிப்புக் குழுவைக் கூட்டி, ஒவ்வொரு நிலையத்திலும் வட்டின் கொள்ளளவு, தானாக அழியும் அமைப்பு, கருவியின் கடிகாரம், யுபிஎஸ் ஆகியவற்றை நேரில் சரிபார்க்க உத்தரவிட வேண்டுகிறோம். கடிகாரம் அரை மணி பிசகினாலும் கைது நேரம் குறித்த வாதம் முழுதும் கெட்டுப்போகும். வழக்கறிஞர் எழுத்தில் கேட்டதும் முந்தைய 48 மணி நேரப் பதிவைத் தனியே எடுத்து வைத்து ஒப்புகை தர வேண்டும். வாசலில் வரிசை எண் இட்ட பதிவேடு ஒன்று வைத்து, வந்த நேரம், கேட்கப்பட்டவர் பெயர், அனுமதி அல்லது மறுப்பு, மறுத்த அலுவலர் கையொப்பம் எழுதப்பட வேண்டும். பிஎன்எஸ்எஸ் 37-ஆம் பிரிவு கேட்கும் கைதானோர் விவரப் பலகை அன்றாடம் புதுப்பிக்கப்பட வேண்டும். பார் கவுன்சில் அடையாள அட்டை காட்டும் பெண் வழக்கறிஞரை எந்த நேரமானாலும் உள்ளே உட்கார வைக்க வேண்டும். அவரது கைபேசியையோ கட்சிக்காரரின் வழக்குக் கோப்புகளையோ வாங்கிப் பார்க்கக் கூடாது.

இவற்றில் பதிவேட்டுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். அதை இந்த வாரமே தொடங்கிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பெண் வழக்கறிஞர்கள்

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாநகரக் காவல் ஆணையர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு.