ஒரு பனிவண்டியும் அதற்குச் சாமான் தேடித் தந்தவர்களும்

அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை காலை வண்டி தானாக ஓடிக் கொட்டிலை விட்டு வெளியே வந்தது. ஒரு நாற்பது மீற்றர் போயிருக்கும். திருப்பி உள்ளே விட்டுவிட்டேன். அந்த நாற்பது மீற்றருக்காக மூன்று வருடம் என்னோடு சேர்ந்து அலைந்தவர்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. மகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தனித்தனியாக அனுப்புவாள். எனக்கு நன்றி என்றால் முதலில் தமிழில்தான் வாயில் வரும்.

வண்டி எதுவென்று தெரியாதவர்களுக்கு: பொம்பார்டியே பி12. 1940-களில் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற சிற்றூரில் செய்தது. முன்னால் இரண்டு ஸ்கீ (சறுக்குக் கட்டை), பின்னால் இரு பக்கமும் ரப்பர் பட்டி, மரப்பலகை உடம்பு, கப்பலில் இருப்பதுபோல வட்ட யன்னல்கள், பின்பக்கத்தில் எஞ்சின். பன்னிரண்டு பேர் ஏறலாம். இதைச் செய்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியேயின் சின்ன மகன் 1934-ல் வயிற்றில் சீழ்கட்டிக் கிடந்தபோது, பனி மூடிய வீதியால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்துபோனான். அதற்கு முன்பே அவர் பனிவண்டிகளைச் செய்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 1937-ல் பட்டிக்கும், அதை இழுத்து ஓட்டும் பற்சில்லுக்கும் காப்புரிமை கிடைத்தது. பிறகு 1948-ல் கிராமத்து வீதிகளிலும் பனி வழிக்க வேண்டும் என்று கியூபெக் அரசு சட்டம் கொண்டுவர, விற்பனை படுத்துவிட்டது. கார் போகிற வீதியில் பனிவண்டி எதற்கு? என்னுடையது ஒரு பால்பண்ணைக் கொட்டிலில் வைக்கோலுக்குக் கீழே கிடந்தது.

முதல் நன்றி, அந்தக் கொட்டிலின் சொந்தக்கார அம்மாவுக்கு. வண்டியை விற்றதோடு நிற்காமல், ஆறு மாதம் கழித்து மாட்டுக்குத் தீனி வைக்கும் இடத்தில் கிடந்ததாக ஒரு வட்ட யன்னல் சட்டத்தைக் கொண்டுவந்து தந்தீர்கள். அதைச் செய்விக்க ஆள் தேடி நான் அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

எஞ்சின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது கிறைஸ்லரின் ஆறு சிலிண்டர் பக்கவால்வு எஞ்சின். நிறையச் செய்த எஞ்சின்தானே, சாமான் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் ஒரு கடையிலிருந்து ஹெட் காஸ்கெட், அதாவது எஞ்சினின் உடம்புக்கும் (பிளொக்) மேல்மூடிக்கும் (ஹெட்) நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு, வந்தது. வைத்துப் பார்த்தால் முதல் துளை பொருந்துகிறது, கடைசித் துளை இரண்டு விரல் அகலத்துக்கு விலகி நிற்கிறது. இரண்டாவதும் அப்படியே. பிளொக்கை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று கடைக்காரர் என்னோடு சண்டை.

அப்போதுதான் சஸ்காச்சுவானில் பழைய அறுவடை இயந்திரங்களை உடைத்து விற்கும் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: “ஹெட் எத்தனை அங்குல நீளம்? நாடா வைத்துப் பார்.” 25 என்றேன். “அப்போ அது கனடாப் பிள்ளை” என்று சிரித்தீர்கள். அமெரிக்காவில் கிறைஸ்லரின் பிளிமத், டொட்ஜ் கார்களுக்குப் போட்டது 23 அங்குல பிளொக், இங்கே கனடாவில் அவற்றுக்கே போட்டது 25 அங்குலம். வெளிப்பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. மாசி ஹரிஸ் அறுவடை இயந்திரத்துக்கும் கிறைஸ்லர் எஞ்சின் போட்டிருக்கிறார்கள் என்பதால் உங்கள் அலுமாரியில் ஒரு காஸ்கெட் இருந்தது. அது மட்டுமா, பேச்சோடு பேச்சாக, “பட்டிக்கு என்ன செய்யப் போகிறாய்? வின்னிபெக் ஏரிக்குப் போன் எடு” என்று ஒரு இலக்கமும் தந்தீர்கள். அந்த இலக்கம்தான் வண்டியைப் பிழைக்க வைத்தது.

வின்னிபெக் ஏரியில் பனி வழிக்கிற ஆள் இல்லை. அதனால் கியூபெக்கில் கொட்டிலுக்குப் போன வண்டி, அந்த ஏரி இருக்கும் மனிற்றோபா மாகாணத்தில் மீன்பிடிக்காரரோடு ஏரிக்குப் போய்விட்டது. பனிக்கட்டிக்குக் கீழே வலை போடுகிறவர்களில் சிலர் இப்போதும் இதில் போய் வருகிறார்கள். பெயர் மட்டும் அங்கே பொம்படீர். அந்த இலக்கத்தில் போனை எடுத்த ஏரிக்கரை மீன்பிடி ஐயா, நான் பிரெஞ்சு மாதிரி உச்சரித்ததில் முதல் இரண்டு நிமிடம் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே உங்களுக்குப் புரியவில்லை.

நீங்கள் சொல்லித் தந்தவை எந்தக் கைநூலிலும் நான் காணாதவை. பட்டிக்குச் சுரங்கத்தில் ஓடும் கன்வேயர் பெல்ட் வாங்கு. துளையைத் துளைக்காதே, அடித்து வெட்டு. ட்ரில் போட்டால் பெல்ட்டுக்கு உள்ளே இருக்கும் நூல் இழுபட்டுவிடும். பட்டியின் குறுக்கே பூட்டும் சட்டங்களை ஒரு கரையிலிருந்து பூட்டிக்கொண்டு போகாதே, நடுவில் தொடங்கு. அப்புறம் பதினொரு குறுக்குச் சட்டங்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்பினீர்கள். மீன் வாசம் இன்னும் போகவில்லை. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, “காசு வேண்டாம், உன் வண்டியின் ஸ்கீ பூட்டுகிற இடத்தை அளந்து படம் எடுத்து அனுப்பு” என்றீர்கள். உங்களுடையது வருடா வருடம் உடைந்து, ஒட்டி, வெட்டி, ஒட்டி, தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பது உங்கள் அப்பாவுக்கே மறந்துவிட்டதாம். ஓடிய வண்டியில் சாமான் இருந்தது, அளவு இல்லை. கிடந்த வண்டியில் அளவு இருந்தது, சாமான் உக்கிப்போயிருந்தது. ஒரு வாரம் கொட்டிலில் குப்புறக் கிடந்து அளந்தேன். இந்த மூன்று வருடத்தில் நான் யாருக்கோ உதவினேன் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

பற்சில்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த வண்டியின் உயிரே அதுதான். வெறும் இரும்புப் பல்லில் பனி ஒட்டி இறுகிக் கட்டியாகிவிடும், பட்டி கழன்றுவிடும். பொம்பார்டியே பல்லுக்கு ரப்பர் போர்த்தினார். ரப்பர் வளைந்து நெளிய, பனி உதிர்ந்துவிடும். என்னுடையதில் ரப்பர் கல்லாகி வெடித்திருந்தது, நகத்தால் தட்டினால் ஓடு தட்டுகிற சத்தம். அச்சக உருளைகளுக்கு ரப்பர் வார்த்து ஓய்வு பெற்ற பெரியவரே, ‘வேலையை விட்டுவிட்டேன்’ என்று மூன்று முறை சொன்னீர்கள். நான்காவது முறை சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தேய்வு குறைந்த இரண்டு பல்லைத் தேர்ந்து அச்செடுத்து, பழைய ரப்பரைச் சுரண்டி, இரும்பை மணல் அடித்து வெளுப்பாக்கி, புதிதாக வார்த்தீர்கள். முதல் வார்ப்பை நான் நல்லது என்றேன். விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, “இது இறுக்கம், பனியை உதறாது” என்று நீங்களே வெட்டி எறிந்தீர்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், குறை நினைக்கக் கூடாது. ஆறு வோல்ட் வயரிங் முழுவதையும் இரண்டு கிழமையில் முடித்துத் தந்த தம்பி, ஸ்ராட்டர் முதல் தட்டிலேயே சுற்றியது. லேத் வைத்திருக்கும் அண்ணை, புஷ் கடைந்ததற்கு ஒரு நாள்கூடக் கணக்கு எழுதவில்லை. ஏச்சு மட்டும் நிறைய. மகளே, பிரெஞ்சில் நீ பேசிய போன்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. மனைவிக்கு: கியர்பெட்டியில் வார்த்திருந்த இலக்கத்தை நான் இரண்டு மாதமாக மூக்குக்கண்ணாடியும் டோர்ச்சுமாகத் தேடினேன். நீ ஒரு சோக்கட்டியைத் தேய்த்து ஒரு நிமிடத்தில் வாசித்தாய்.

ஏரிக்கரை ஐயா, சில்லைக் கழற்ற நீங்கள் சாக்கோடு சேர்த்து அனுப்பிய புல்லர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தபாலில் போடவில்லை. ஏரி நன்றாக உறைந்ததும் நேரில் கொண்டுவருகிறேன், உங்கள் வண்டியில் ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டும்.