அரை மூன்று என்றால் இரண்டரை

கோத்தகிரி,
மார்ச் 14.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நமக்குள் எல்லாப் பேச்சும் தொலைபேசியிலேயே முடிந்துபோனதால், உன் கையெழுத்தைப் பார்த்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. ஜெர்மனியில் எனக்குப் பிப்ரவரி நடுவில் வகுப்புகள் முடிந்தன, ஏப்ரல் நடுவில்தான் மீண்டும் தொடங்கும் என்பதால் ஒன்றரை மாதம் வீட்டோடு இருக்கலாம் என்று வந்திருக்கிறேன். காலையில் மூடுபனி விலகும்வரை அடுப்படியிலேயே அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தம்பி வரும் அக்டோபரில் ஜெர்மனிக்குப் படிக்கப் போவதாகவும், கோயம்புத்தூரில் ஆறு மாதமாக ஜெர்மன் வகுப்புக்குப் போய்வந்தும் வாயைத் திறக்கத் தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். அவனுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஜெர்மன் சொற்களைப் பிடிக்க ஆங்கிலம் உதவும், ஆனால் வாக்கியம் அமைக்கும்போது அவன் தமிழிலோ உங்கள் வீட்டுப் படுகர் மொழியிலோ நினைக்கட்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. எப்படி என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன், அவனிடம் படித்துக் காட்டு.

கோட்டிங்கன் நகருக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரம் அது. அறைச் சாவியைத் தர வேண்டிய வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் ‘ஹல்ப் ட்ரை’க்கு வரச் சொன்னார். ஹல்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று. ஆங்கிலத்தில் ‘ஹாஃப் பாஸ்ட் த்ரீ’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது மூன்றரை என்றே விழுந்ததால், சரியாக மூன்றரைக்குப் பெட்டிகளோடு போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. தூறலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர் வெளியே வந்து, அந்த அம்மா இரண்டரைக்கே வந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டதாக மெதுவாக விளக்கினார். அங்கே அரை மூன்று என்றால் மூன்றாவது மணியில் பாதி ஆகியிருக்கிறது என்று பொருள், அதாவது இரண்டரை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும் என்பதால் அன்று இரவு எனக்கு இருந்த பயத்தை உன்னிடம்கூட அப்போது சொல்லவில்லை. மறுநாள் அவர் வந்தார், சாவியும் தாளும் கிடைத்தன.

பல நாள் கழித்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. இரண்டரை வயதுக் குழந்தையை “மூணாவது வயசு நடக்குது” என்று நாம் சொல்வதில்லையா என்று கேட்டார். அவர் சொன்ன பிறகு அந்தக் கணக்கு எனக்கு ஒருமுறைகூடப் பிசகவில்லை.

குளிரிலும் இதே கதைதான். நம் மலையில் டிசம்பர் உறைபனியைப் பார்த்து வளர்ந்தவள்தான் என்றாலும், நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கும் அந்த ஊர்க் குளிர் வேறு வகை. பொது அடுக்களையில் பக்கத்து அறைப் பெண்ணிடம் ஆங்கிலத்தை அப்படியே மாற்றி, “இஷ் பின் கால்ட்” என்றேன். அவள் முகம் ஒரு நொடி மாறியது. நான் ஈவிரக்கமற்றவள், உணர்ச்சியில்லாதவள் என்று சொன்னதாக அது கேட்குமாம். “மிர் இஸ்ட் கால்ட்” என்று திருத்தினாள். ‘மிர்’ என்றால் ‘எனக்கு’. நாம் ‘எனக்குக் குளிருகிறது’ என்கிறோமே தவிர, ‘நான் குளிர்’ என்று யாராவது சொல்வார்களா! நான்காம் வேற்றுமை என்று வகுப்பில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தது, நாள் முழுவதும் நம் வாயில் இருக்கும் ‘கு’ உருபுதான் என்று அந்த அடுக்களையில்தான் உறைத்தது. பிடிக்கிறது என்பதற்கும் அவர்கள் ‘கெஃபெல்ட் மிர்’, அதாவது ‘எனக்குப் பிடிக்கிறது’ என்றே சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ஜெர்மன் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும்: “வைல் இஷ் மோர்கன் நாஹ் ஹவுஸெ ஃபாரெ.” சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால், ‘ஏனென்றால் நான் நாளை வீட்டுக்குப் போகிறேன்’ என்பதேதான். என்னோடு படித்த ஸ்பெயின், பிரேசில் மாணவர்கள் வினையை முன்னால் போட்டுவிட்டுத் திருத்திக்கொண்டே இருந்தபோது, எனக்கு அது தன்னால் வந்தது. ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் காப்பாற்றும் என்று அவனிடம் சொல்லிவிடாதே. பசி என்றால் அவர்கள் ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில்லை, ‘நான் பசி வைத்திருக்கிறேன்’ என்பதுபோலச் சொல்கிறார்கள். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. இதற்கு நம் திணைப் பாகுபாடு ஒன்றும் செய்யாது, நெட்டுருப் போடத்தான் வேண்டும். ஐம்பத்து மூன்றை ‘மூன்றும் ஐம்பதும்’ என்று சொல்வதால் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதும்போது இன்றும் எனக்குக் கை நிற்கிறது.

சொல்லுக்கு ஆங்கிலம் உதவும் என்றேனே, அதற்கான வழியைச் சிறுவயதில் நீதான் எனக்குக் காட்டினாய். அப்பா தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றலாகி நாங்கள் கோத்தகிரிக்கு வந்த புதிதில், படுகர் ஊரான உங்கள் ஹட்டியில் உன் பாட்டி என்னிடம் “ஹாலு” என்று ஏதோ கேட்டதும், நான் ஹாலுக்குப் போகச் சொல்கிறார் என்று எழுந்து முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டதும், அவர் பால் டம்ளரோடு என் பின்னால் வந்ததும் உனக்கு நினைவிருக்கும். அன்று மாலை நீ, தமிழின் ‘ப’ படுகர் மொழியில் ‘ஹ’ ஆகும், பால் ஹாலு, பத்து ஹத்து என்று விரல் விட்டுச் சொன்னாய். அதே விளையாட்டை ஜெர்மனில் ஆடினேன். ஆங்கிலத்தின் ‘ட’ அங்கே பல சொற்களில் ‘ட்ஸ்’ ஆகிறது: டென் ட்ஸேன், டூ ட்ஸ்வை, சால்ட் ஸால்ட்ஸ். இப்படியே ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பியது.

ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்று கடையில் கைநீட்டக் கூடாது. நவம்பரில் சளி பிடித்திருந்த ஒரு மாலை, ரசம் வைக்கச் சீரகம் தேடிப் போனேன். ‘க்யும்மெல்’ என்று எழுதிய பாட்டில் இருந்தது. பெயர் க்யூமின் போல ஒலித்தது. விதையும் மெலிந்து, வளைந்து, கோடு விழுந்து நம் சீரகம் போலவே இருந்தது. மிளகோடு தட்டி நெய்யில் போட்டதும் அடுக்களை முழுவதும் சோம்பும் ஓமமும் கலந்தாற்போல் வேறொரு மணம் எழுந்தது. அது அவர்கள் ரை ரொட்டியிலும் முட்டைக்கோசிலும் போடும் விதை. நம் சீரகத்துக்கு அங்கே ‘க்ராய்ட்ஸ்க்யும்மெல்’ என்று பெயர். புளியை ஆசியக் கடையில் தேடி வாங்கியிருந்ததால் கொட்ட மனமில்லாமல் அந்த ரசத்தைக் குடித்தேன். பக்கத்து அறைப் பெண்ணும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டாள், தன் பாட்டியின் கோஸ் சூப் நினைவுக்கு வருகிறது என்று சொன்னாள்.

சாப்பாட்டு மேசையில் உன் தம்பி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, வெறும் ‘டங்கெ’ என்ற சொல். நன்றி என்றுதான் பொருள். ஆனால் ஒன்றை நீட்டி வேண்டுமா என்று கேட்கும்போது அதை மட்டும் சொன்னால், போதும் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். டிசம்பரில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் அம்மா உருளைக்கிழங்கு உருண்டைகள் இருந்த பாத்திரத்தை என் பக்கம் நீட்ட, நான் மனநிறைவோடு “டங்கெ” என்றேன், பாத்திரம் மறுபக்கம் போய்விட்டது. இரண்டாம் முறையும் அதுவே நடந்தது. உன் பாட்டியிடம் கையால் தட்டை மறித்தாலும் இன்னொரு பொத்திட்டு வந்து விழும், ‘அவரை உதக்க’ என்னும் அவரைக் குழம்பு மேலும் ஒரு கரண்டி வரும். அங்கே ஒரு முறைதான் கேட்பார்கள். விருந்தாளியின் சொல்லை மதிப்பது அவர்கள் முறை. ‘யா, கெர்ன’ என்று முகமலர்ச்சியோடு சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை கேத்திப் பக்கம் போயிருந்தேன். 1840களின் பிற்பகுதியில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன் பேசும் பாதிரிமார்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து தங்கி, ஹட்டி ஹட்டியாக நடந்து உங்கள் மொழியைக் கற்றுக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரிந்த செய்திதான். லூக்கா நற்செய்தி படுகர் மொழியில் அச்சானது 1890இல். இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல்! எழுத்து இல்லாத மொழியைப் பாடநூல் இல்லாமல் கற்க வந்தவர்களுக்கு, யாரோ ஒரு பாட்டி ‘ஹாலு’ என்ற சொல்லைப் பால் டம்ளரோடுதான் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சரிவில் வெகுநேரம் நின்றேன். அவர்கள் பட்ட பாட்டை இப்போது என்னால் உணர முடிகிறது.

நான் ஏப்ரல் 8 வரை இங்கே இருப்பேன். தம்பியை ஒரு சனி, ஞாயிறு இங்கே அனுப்பிவை. அவன் ஜெர்மனில் பேசட்டும், தப்பாகவே பேசட்டும், நான் தமிழில் திருத்துகிறேன். அவன் பெட்டியில் வைக்க அரைக் கிலோ சீரகம் அம்மா இப்போதே வெயிலில் காயவைத்து எடுத்துவிட்டார். முடிந்தால் நீயும் வா. மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறுமுன் ஒரு வார்த்தை சொன்னால், நிறுத்தத்துக்கு வந்து காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழி