ஜவுளிக்கடையில் மாசமாக நிற்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. என்னோடு பேருந்தில் வந்து போன மற்ற கடைப் பெண்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னார்கள். ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வர ஆரம்பித்துவிட்டன. அவற்றைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். 2022 ஆடியில் நான் ஆறு மாதக் கர்ப்பிணி. அந்த ஆடி முழுக்க நின்றேன்.

காலை ஒன்பதரைக்கு ஃப்ளோரில் நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் கால் நகரும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், டீக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம். பட்டு செக்‌ஷனில் ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தால் நாற்பது, ஐம்பது சேலை இறங்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, முந்தியை என் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் எழுந்து போனதும் அத்தனையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து மேல் அடுக்கில் ஏற்ற வேண்டும். அதை முடிப்பதற்குள் அடுத்த பார்ட்டி வந்து உட்கார்ந்திருக்கும்.

முதல் மூன்று மாதம் எனக்கு மசக்கை கடுமையாக இருந்தது. புதுச்சேலை வாசம் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்போது அந்தக் கஞ்சி வாசம் மூக்கில் ஏறினாலே குமட்டும். வேலைக்காரர்கள் பாத்ரூம் நான்காவது மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்து, பத்து நிமிடத்துக்குள் இறங்கி வர வேண்டும். பல நாள் ஒரு கர்ச்சீப்பில் எலுமிச்சம்பழத்தை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு சமாளித்தேன்.

ஆறாம் மாதம் கால் வீங்க ஆரம்பித்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் மெட்டி சதைக்குள் புதைந்திருக்கும். ஒரு நாள் விரல் நீலம் பாரித்துப்போய், அம்மா தேங்காய் எண்ணெயும் சோப்பும் போட்டு அரை மணி நேரம் உருட்டி உருட்டித்தான் கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் பள்ளமாக ஒரு வளையம். "பிரசவம் முடிஞ்சு போட்டுக்கலாம்மா" என்று மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிற தாய், மெட்டியைக் கழற்றி வைக்கும்போது கண் கலங்காமல் இருப்பாளா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கொடுக்கிற பெட்டியில் வந்த பேரீச்சம்பழத்தையும் இரும்புச்சத்து டானிக்கையும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அந்த நிலையத்தில் எனக்குக் கிடைத்த கவனிப்புக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். டாக்டரம்மா என் காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, 'நெடுநேரம் நிற்கக் கூடாது' என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தார், மடித்து டிராயருக்குள் வைத்தார். "ஆடி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

ஐயா, எங்கள் செக்‌ஷனில் ஸ்டூல் இருந்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இடம் தர வேண்டும் என்று கொண்டுவந்தார்களே, அதற்கப்புறம் வாங்கிப் போட்டது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது, நமக்கு மூன்று வருடம் கழித்து வந்தது. அந்தச் செய்தி வந்த அன்று சாப்பாட்டு அறையில் நாங்கள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான்கு ஸ்டூல் வந்தது. ஒரு வாரம் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். அப்புறம் ஒன்றில் மடிக்க வேண்டிய சேலைக்கட்டு ஏறியது. இரண்டை வாடிக்கையாளரோடு வருகிற பெரியவர்களுக்குக் கொடுத்தோம். மிச்சமிருந்ததில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் செக்‌ஷன் பெயரைச் சொல்வார்கள். இரண்டாவது தடவை பெயர் வந்தால் ஐம்பது ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆள் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்பதுதான் சட்டம். ஆனால் ஆள் இல்லாத நேரத்திலும், வாசலில் பார்த்தபடி கை கட்டி நிற்பதுதான் மரியாதை என்று கடைகளில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது.

எங்கள் சூப்பர்வைசர் அக்கா கெட்டவர் கிடையாது. இரண்டு பிள்ளை பெற்றவர், இரண்டையும் அதே ஃப்ளோரில் நின்றுதான் சுமந்திருக்கிறார். "நாங்கல்லாம் நிக்கலையா, நிக்க நிக்கத்தாண்டி சுகப்பிரசவம் ஆகும்" என்பார். சொல்லிவிட்டு அவரே தன் டீ நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பதிலாக நிற்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் தாத்தா எப்போதும் ஒரு விஷயம் சொல்வார். அவர் காலத்து ஜவுளிக்கடையில் தரையில் மெத்தை விரித்து வெள்ளைத் துணி போட்டிருப்பார்களாம். வாங்க வந்தவரும் உட்கார்ந்திருப்பார், காட்டுகிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையைப் பிரிப்பார். உட்கார்ந்து விற்ற சேலையைத்தானே இன்றைக்கு நின்று விற்கிறோம். எப்போது எழுந்து நிற்கச் சொன்னார்கள், யார் சொன்னார்கள்?

ஆவணியில் எனக்கு வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பார்கள். மறுநாள் வேலைக்குப் போனேன். வளையல் விளிம்பு ஜரிகையில் மாட்டி நூல் இழுத்துவிடும் என்று கழற்றச் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது, இருபதாயிரம் ரூபாய்ச் சேலை. கையில் பழைய துணியைச் சுற்றி, அதன் மேல் சேஃப்டி பின் குத்திக்கொண்டேன். அன்றைக்கு அந்த வளையல் சத்தமே போடவில்லை.

புரட்டாசி கடைசியில், தீபாவளிக் கூட்டம் தொடங்கும்போது, "நீ வீட்ல இரும்மா, பிள்ளை பெத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தோடு விடுப்பு என்ற பேச்சே இல்லை. தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் மகள் பிறந்தாள். 2 கிலோ 300 கிராம். நின்றதால்தான் எடை குறைந்தது என்று நான் சொல்லவில்லை, எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன உடம்பைக் கையில் வாங்கிய நிமிடத்தில் டிராயருக்குள் போன அந்தச் சீட்டுத்தான் என் நினைவுக்கு வந்தது.

பிள்ளைக்கு இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை. அரசு மருத்துவமனை வார்டில் ஒரு நர்ஸம்மா என் கையைப் பிடித்து, பாலை எப்படிப் பீய்ச்ச வேண்டும் என்று காட்டினார். முதல் நாள் அரை மணி நேரம் அழுத்தியும் பாலாடைச் சங்கின் அடி நனைகிற அளவுதான் வந்தது. மஞ்சளாக, நான்கைந்து சொட்டு. "இதான்மா தங்கம்" என்று சொல்லி அந்தச் சொட்டுகளைப் பிள்ளை உதட்டோரம் சாய்த்தார். அவள் நாக்கைச் சுழற்றி விழுங்கியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிள்ளையை என் நெஞ்சோடு தோல் படக் கட்டி வைத்தார்கள். பதினைந்து நாளில் நேராகக் குடிக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டுமாக அம்மா பார்த்துக்கொண்டார்கள். பாலுக்குக் குறைவே இல்லை.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பவும் வேலைக்குப் போனேன். வீட்டு நிலைமை அப்படி. ஐந்து வருட அனுபவத்தை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்தவள் கணக்கில் சம்பளம் போட்டார்கள். காலையில் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மறுபடி பிள்ளையைத் தொட ராத்திரி பத்தரை ஆகிவிடும். மதியத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பார்ட்டி ஒன்றோடு வந்த இளம் தாயின் குழந்தை பாலுக்கு வீறிட்டு அழுதது. ட்ரையல் ரூம் வாசலில் வரிசை நின்றது. அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இங்கேயே குடுங்கக்கா, நான் மறைச்சுக்கிறேன்" என்று சொல்லி, கையில் இருந்த அரக்குப் பட்டை முழுசாகப் பிரித்து இரண்டு கையாலும் திரை மாதிரி பிடித்து நின்றேன். குழந்தை அழுகை நின்று மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பால் இறங்கிவிட்டது. இரண்டு கையும் சேலையைப் பிடித்திருந்தது. யூனிஃபார்ம் நனைந்து வயிறு வரைக்கும் வழிகிறது, என்னால் துடைக்க முடியவில்லை. பட்டில் பட்டுவிடக் கூடாதே என்று சேலையை இன்னும் தள்ளிப் பிடித்தேன். அந்தப் பெண் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. தன் துப்பட்டாவை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டாள். அப்புறம் டோக்கன் வாங்கிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போய், கை கழுவுகிற தொட்டியில் பாலைப் பீய்ச்சிவிட்டேன். பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பிடித்துக் கொடுத்த பாலைக் குழாயைத் திறந்துவிட்டுத் தள்ளினேன். அடுத்த வாரம் ஒரு பக்கம் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டேன். இப்போது வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன்.

வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் என் மதினி சொல்லித்தான் இதெல்லாம் சட்டத்தில் இருந்தது என்பதே எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த காலத்தில் இருந்தது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம். 2017-இல் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆக்கினார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். எங்கள் கடையில் ஐம்பதைத் தாண்டிப் பல மடங்கு பேர். என் மகள் அதே கட்டடத்தில் இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதில் ஒரு வரியை மதினியிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முன்னால் ஒரு மாதம், அந்தக் காலத்தில் கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நிற்கிற வேலையைக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே, என் அம்மா பிறப்பதற்கும் முன்பே, யாரோ ஒருவர் நிற்கிற கர்ப்பிணியை நினைத்து இந்த வரியை எழுதியிருக்கிறார். ஆனால் 'கேட்டுக்கொண்டால்' என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறதே, அங்கேதான் எங்களைப் போன்றவர்கள் நின்றுவிடுகிறோம். கேட்கிற பெண்ணை மறுவாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பதிலாக மற்றவர்கள் கேட்கலாமே என்றுதான் இந்தக் கடிதம். தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆடியிலும் தீபாவளியிலும், கூட்டம் நெரிகிற சாயங்கால நேரத்தில் கடைகளுக்குள் வர வேண்டும். ஸ்டூல் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போகாமல், அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேனேஜர் இல்லாத இடத்தில் வைத்துப் பெண்களிடம் பேச வேண்டும். கடை முதலாளிகள், மாசமாக இருக்கும் பெண்ணை பில் கவுண்டரிலோ பேக்கிங்கிலோ உட்கார வைத்தால் வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடாது. வாசகர்களிடமும் கேட்கிறேன். சேலை எடுக்கப் போகும்போது வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் நின்றால், "நீ உக்காந்தே காட்டும்மா" என்று சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் மைக்கில் பெயர் வராது. எங்களுக்குத் தெரியும்.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். அவளும் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில்தான் வேலை பார்க்கிறாள். நேற்று ராத்திரி பத்தரை மணிக்குப் பேருந்தில் இருந்து இறங்கி வந்தாள். செருப்பு காலில் ஏறவில்லை என்று கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். இன்னும் ஆடி பிறக்கவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.